வடசென்னையில் சின்னதாக ஒரு இஞ்சி பீர் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து தம்பிகள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, பெங்களூர்ல இருக்கிற மாதிரி சின்னதா ஒரு பீர் பட்டறை நம்ம ஏரியால போட முடியுமா?" பீர் முடியாது. ஆனால் அந்தக் கைத்தொழிலில் கற்க வேண்டியதில் பெரும்பகுதியை இஞ்சி பீரில் கற்றுக்கொள்ளலாம், விற்றுப் பிழைக்கவும் செய்யலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் செய்வது அதைத்தான். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

பீர் ஏன் முடியாது? லைசன்ஸ் வாங்கினால் போதாதா?

தமிழ்நாட்டில் மதுவின் மொத்த வியாபாரம் 1983 முதல் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதனிடம்தான். உரிமம் பெற்ற பீர் ஆலைகள் இருக்கின்றன, ஆனால் அவை பல கோடி முதலீட்டில் நடப்பவை. நான்கு அண்டா வைத்துக் காய்ச்சி, அங்கேயே குவளையில் ஊற்றிக் கொடுக்கும் பெங்களூர் மாதிரிக் கடையைச் சின்ன முதலீட்டுக்காரர் இங்கே போடுவதற்கு வழியில்லை. பீர்தான் வேண்டும் என்று மனதில் உறுதியாக இருந்தால் பெங்களூருக்குப் போய் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேருங்கள். தொட்டி கழுவுவதிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதுவே நல்ல பள்ளிக்கூடம்.

விற்கவில்லை, வீட்டில் எங்களுக்கு மட்டும் பீர் காய்ச்சிக்கொண்டால்?

வேண்டாம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம், விற்றாலும் விற்காவிட்டாலும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியைப் புளிக்க வைத்தால் அந்த மாதிரி விஷம் உருவாகாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவரிடம் அந்த வேதியியல் எடுபடாது. கள்ளும் அப்படித்தான், 1987 முதல் இங்கே தடை.

இஞ்சி பீர் என்றால் என்ன? அதற்கும் நம் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர். இவற்றை இஞ்சித் தோலிலேயே குடியிருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் கொஞ்சம் புளிக்க வைக்கின்றன. காரம், புளிப்பு, நுரை மூன்றும் சேர்ந்து வரும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது வீட்டுக்கு வீடு போட்ட பானம். மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர், அங்கே உறையாகப் பயன்பட்ட வெள்ளைக் கட்டிகளை ஆராய்ந்து, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு வாழும் கூட்டுக் குடும்பம் அது என்று 1892-இல் எழுதினார்.

ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது. பெரம்பூர் ரயில்வே பட்டறையும் அந்தக் காலத்ததுதான். ரயில் வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அவர்கள் வீடுகளில் பிளம் கேக்கோடு இஞ்சி ஒயின் இருக்கும். பெயரில்தான் ஒயின். பல வீடுகளில் அது புளிக்கவே புளிக்காத இஞ்சிச் சாறு, சர்க்கரை, கிராம்பு, பட்டை. பெரம்பூரில் வளர்ந்த பலருக்கு அந்த வாசனை தெரியும். ஆகவே இந்தப் பக்கத்துக்கு இஞ்சி பானத்தை நாம் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

உறை எப்படித் தயாரிப்பது?

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். தோல் சீவாத இஞ்சி ஒரு கை, நசுக்கியது. அதே அளவு சர்க்கரை. கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர். கண்ணாடி ஜாடியில் போட்டு, மெல்லிய வேட்டித் துணியால் வாயைக் கட்டி வையுங்கள். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கிளறுங்கள். குளிர் நாடுகளில் ஒரு வாரம் எடுக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் இரண்டு மூன்று நாளிலேயே எழுந்துவிடும்.

எழுந்ததா என்று பார்க்க ஜாடியைக் காதருகே வையுங்கள். மெல்லிய சரசரப்புக் கேட்க வேண்டும். இஞ்சித் துண்டுகள் எல்லாம் மேலே ஏறி, அவற்றின் இடுக்குகளில் கடுகளவு குமிழிகள் ஒட்டியிருக்கும். ஸ்பூனை விட்டதும் வெள்ளை நுரை ஒரு விரல் உயரத்துக்குக் கிளம்பும். வாசனை காரமாக, லேசான பழப் புளிப்போடு இருக்க வேண்டும். முட்டை நாற்றமோ நெயில் பாலிஷ் வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே பஞ்சு மாதிரி பூசணம் கண்டாலும் அப்படியே.

இஞ்சி வாங்கும்போது கழுவிப் பளபளப்பாக்கியதை வாங்காதீர்கள். மண் ஒட்டிய இஞ்சியில்தான் உயிர் அதிகம். கல்மண்டபம் மார்க்கெட்டில் கேட்டால் கிடைக்கும், மூட்டையாக வேண்டுமென்றால் கோயம்பேடு. விலை வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஏறி இறங்கும். உங்கள் கணக்கில் மலிவுக் காலத்து விலையை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதில் ஆல்கஹால் வராதா?

வரும். இங்கே இருக்கும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு மதுபான விதிகள் ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் மதுபானம் என்கின்றன. மாநில மதுவிலக்குச் சட்டம் மது என்பதற்குத் தரும் விளக்கம் இன்னும் அகலமானது. ஆகவே பட்டறை தொடங்கும் முன்பே ஒரு வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். பானத்தை 0.3-க்குக் கீழே வைத்திருங்கள்.

இப்போது கணக்கு. ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறத்தாழ பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் மாறும். ஒன்றை விட்டு இன்னொன்று வராது. ஒரு லிட்டரில் எட்டு கிராம் சர்க்கரை புளித்தாலே ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தொட்டுவிடும். அந்த எட்டு கிராமில் கிடைக்கும் வாயு முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பாட்டிலில் அடைத்தாலும், ஒரு லிட்டர் பானத்துக்கு இரண்டு லிட்டர் வாயுதான் தேறும். நாம் கடையில் குடிக்கும் சோடாவில் மூன்றரை, நான்கு லிட்டர் இருக்கும். அதாவது சோடா மாதிரி சுள்ளென்று ஏறும் நுரையைப் புளிப்பிலிருந்து மட்டுமே எடுக்க நினைத்தால், பானம் கட்டாயம் சட்டத்தின் எல்லையைத் தாண்டும். "முழுக்க இயற்கையாகப் பொங்கிய நுரை, துளி ஆல்கஹால் இல்லை" என்று யாராவது விற்றால் இரண்டில் ஒன்று பொய்.

அதனால் புளிப்பைச் சுவைக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நுரையை சிலிண்டரிலிருந்து ஏற்றுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நுரையை சிலிண்டரிலிருந்து எடுத்தேன் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

சரி, அப்படியென்றால் செய்முறை?

10 லிட்டருக்குச் சொல்கிறேன். இஞ்சி 500 கிராம், சர்க்கரை 800 கிராம், எலுமிச்சை எட்டு முதல் பத்து. இஞ்சியை இடித்து, மூன்று லிட்டர் தண்ணீரில் சர்க்கரையோடு கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். மிக்சியில் விழுதாக அரைத்தால் வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், கல்லில் இடிப்பதே மேல். வடிகட்டி, கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்து 10 லிட்டர் ஆக்குங்கள். சூடு 25 டிகிரிக்கு இறங்கிய பிறகு எலுமிச்சைச் சாறும் 300 மில்லி உறையும் ஊற்றுங்கள்.

ஹைட்ரோமீட்டர் என்பது பானத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் குழாய், சர்க்கரை புளித்துக் குறையக் குறைய எண் இறங்கும். அதில் இது 1.031 பக்கம் காட்டும். 22 டிகிரியில் வைத்து, ஆறு மணி நேரம் கழித்து அளக்கத் தொடங்குங்கள். 1.029 வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த இரண்டு புள்ளி (0.002) இறக்கம் 0.26 சதவீத ஆல்கஹால், அதற்கு மேல் உறையோடு கூட வந்த கொஞ்சமும் உண்டு. 1.028-க்கு இறங்கிவிட்டால் அந்தத் தொட்டியை விற்பனைக்கு எடுக்காதீர்கள்.

ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிட்டுச் செய்தவை. நம் அறைச் சூடான 30 டிகிரியில் அப்படியே மிதக்கவிட்டால் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். நமக்கு மொத்தமாக இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்! சாம்பிளை ஐஸ் தண்ணீரில் வைத்து 20-க்குக் கொண்டுவந்துவிட்டு அளங்கள், ஒவ்வொரு தடவையும்.

நிறுத்துவதற்கு நான் நம்பும் முறை பால் காய்ச்சும் முறை. மாதவரம் பால்பண்ணை இருக்கும் ஊரில் பாஸ்டரைசேஷன் யாருக்கும் புதிதல்ல. மூடிய பாத்திரத்தில் 63 டிகிரிக்கு ஏற்றி 30 நிமிடம் பிடித்து, உடனே குளிர்வித்துவிடுங்கள். ஈஸ்ட் செத்துவிடும். பிறகு 4 டிகிரிக்கு இறக்கி, வாயு ஏற்றி, பாட்டிலில் அடைக்கலாம். இதற்குமேல் லேபுக்கு அனுப்பி ஆல்கஹால் அளவை உறுதி செய்வது கட்டாயம். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் நம் கை வேலைக்கு, லேப் அறிக்கை அதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும்.

சூடு ஏற்றினால் பானத்தின் உயிரே போய்விடாதா?

நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறாயே என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சூடேற்றாத பானத்தில் இஞ்சியின் வாசம் இன்னும் பச்சையாக இருக்கும். ஆனால் உங்கள் பாட்டில் போய்ச் சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் பெட்டிக்கடை. டெலிவரி பையில் மே மாத மதியம். அந்த சூட்டில் ஈஸ்ட் உயிரோடு இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே புளிப்பைத் தொடரும். ஆல்கஹால் ஏறும், அழுத்தமும் ஏறும். நீங்கள் 0.26-இல் மூடிய பாட்டில் கடையில் 1 சதவீதமாக உட்கார்ந்திருக்கும். பொறுப்பு உங்கள் லேபிள் மேல்தான் இருக்கும். உயிருள்ள பானம் கொடுக்க ஆசை இருந்தால் பட்டறையிலேயே, உங்கள் கண் முன்னால், குவளையில் ஊற்றிக் கொடுங்கள்.

பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வாயு ஏற்றிய பானம் 4 டிகிரியில் பாட்டிலுக்குள் சுமார் 1.2 பார் அழுத்தம் கொடுக்கும். அதே பாட்டில் 35 டிகிரியில் நின்றால் 3.7 பார். புளிப்பு ஒன்றும் நடக்காமலே, வெறும் சூட்டில் மூன்று மடங்கு. உள்ளே ஈஸ்ட்டும் உயிரோடு இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் அவ்வளவுதான். வாயு ஏற்றும்போதும் பாட்டில் அடைக்கும்போதும் முகக் கவசமும் தடித்த கையுறையும் போடாத ஆளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய பீர் பாட்டில் மலிவுதான். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வேறு கம்பெனி பெயர் பொறித்திருந்தால் அதுவும் வம்பு. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் வாயுவைத் தாங்காது, குளிர்பானத்துக்கென்றே செய்த தடித்த பெட் பாட்டில் வேண்டும். கோலி சோடா பாட்டிலைப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை பெற்ற வடிவம் அது, உள்ளே இருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு தள்ளி மூடிக்கொள்ளும். அழகான வேலை. ஆனால் கழுத்து இடுக்கில் இஞ்சி நார் சிக்கினால் பிரஷ் போகாது. பன்னீர் சோடாவுக்குச் சரி, புளிக்க வைத்த பானத்துக்கு நான் ஒப்ப மாட்டேன். புதுக் கண்ணாடி பாட்டில், கிரவுன் மூடி, கையால் அழுத்தும் மூடிக் கருவி. ஆரம்பத்துக்கு இது போதும்.

சிலிண்டர் வாயு உணவுத் தரமா என்று கேட்டு வாங்குங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஜன்னலில்லாத அறையில் சிலிண்டர் கசிந்தால் குனிந்து வேலை செய்கிறவர் மயங்கி விழுவார். அறையில் காற்றோட்டம் கட்டாயம்.

எந்தத் தண்ணீர்? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே.

போர் தண்ணீரை விட்டுவிடுங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் முழுக்க நிலத்தடியில் உப்பு ஏறியிருக்கிறது. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மேல் உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்தது பல பத்தாண்டுக் கதை. மணலி சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவே போர் போட்டு அதில் பானம் செய்யவே கூடாது.

மெட்ரோ வாட்டர் நல்லது. புழல் ஏரித் தண்ணீரும், காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவில் ஓடும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரும் நம் பக்கத்துக்கு வருகின்றன. குழாயில் எது வருகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும், சுவையும் மாறும். அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் அளந்து நோட்டில் எழுதுங்கள். குளோரின் ஈஸ்ட்டைக் கொல்லும். பத்து நிமிடம் கொதிக்க வைத்தாலோ கார்பன் ஃபில்டரில் விட்டாலோ போய்விடும்.

பலர் கவனிக்காத விஷயம் தண்ணீரின் காரத்தன்மை. இது இஞ்சிக் காரமல்ல, புளிப்பை முறிக்கும் குணம். பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீர் எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடும். அதே அளவு எலுமிச்சை பிழிந்தும் இந்த வாரம் பானம் சப்பென்று இருக்கிறதே என்று குழம்புவீர்கள். பாதுகாப்புக்கும் புளிப்பு வேண்டும், பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்கு மேல் போகக் கூடாது, நான் 3.5 பக்கம் வைத்திருக்கிறேன். டேங்கர் லாரித் தண்ணீர்தான் வழி என்கிற மாதங்களில் ஆர்.ஓ. வைத்தே ஆக வேண்டும். ஆனால் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் சுவை வெறுமையாக இருக்கும். கொஞ்சம் மெட்ரோ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

சென்னை வெயிலில் 22 டிகிரிக்கு எங்கே போவது?

ஏ.சி. அறை தேவையில்லை. பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசர் பெட்டி ஒன்று, அதன் கரண்டைத் தானாகவே விட்டு நிறுத்தும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. கருவியின் சென்சாரைத் தொட்டியின் வயிற்றோடு ஒட்டி, மேலே துணி சுற்றிக் கட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால் பெட்டியின் சூட்டைத்தான் காட்டும், பானத்தின் சூட்டைக் காட்டாது. புளிக்க வைக்க ஒரு பெட்டி, 4 டிகிரியில் வைக்க இன்னொன்று. இந்த இரண்டு பெட்டிகளுக்குப் பிறகுதான் மற்ற எதற்கும் காசு செலவழிக்க வேண்டும். பளபளக்கும் ஸ்டீல் தொட்டி வாங்கிவிட்டு அதை 33 டிகிரி அறையில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆறு மணி நேரத்தில் நடக்க வேண்டியது இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடும், அளக்கப் போவதற்குள் எல்லை தாண்டியிருக்கும்.

கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். பெட்டி சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும்.

மழைக்காலமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் எல்லாம் தண்ணீரில் நின்றன. ஃப்ரீசர், சிலிண்டர், சர்க்கரை மூட்டை எல்லாவற்றையும் இரண்டடி மேடையில் வையுங்கள். வாடகைக்கு இடம் பார்க்கும்போது, போன மழையில் எங்கே வரை தண்ணீர் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரிலேயே கோடு இருக்கும்.

சாமான்கள் எங்கே வாங்குவது?

அண்டா, வடிகட்டி எல்லாம் பாரிமுனைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில். 304 ரக ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள், எலுமிச்சைப் புளிப்புக்கு அலுமினியம் ஆகாது. வால்வு, குழாய், கிளாம்ப் வகையறாவும் ஜார்ஜ் டவுன் தெருக்களில் கிடைக்கும், ஒரு முழு நாள் ஒதுக்கி நடக்க வேண்டும். தொட்டி செய்ய வெல்டிங் பட்டறைக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஒன்றே ஒன்று: உள்பக்க வெல்டிங்கை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் இடத்தில் அழுக்கும் மாட்டும், அங்கே கிருமி குடியேறும். வழவழப்பாகத் தேய்த்துத் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

சுத்தம் என்றால் எவ்வளவு?

நாளின் பாதி வேலை கழுவுவதுதான். முதலில் தண்ணீரில் அலசல், அடுத்து சூடான காஸ்டிக் சோடாக் கரைசல், மறுபடி அலசல், கடைசியாகக் கிருமிநாசினி. காஸ்டிக் கையில் பட்டால் தோலை அரித்துவிடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ப்ளீச்சிங் கரைசலை ஸ்டீலில் ஊற வைத்தால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும், பெராசிடிக் அமிலம் நல்லது.

என்னென்ன பதிவு, என்ன வரி?

உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம், விற்றுமுதலைப் பொறுத்து எது என்று முடிவாகும். மாநகராட்சித் தொழில் உரிமம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், போட்டுக்கொள்ளுங்கள். பொட்டலச் சரக்குக்கான எடையளவுச் சட்டப் பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் உங்கள் அளவுக்குத் தேவையா என்றும் விசாரியுங்கள். லேபிளில் சேர்மானங்கள், நிகர அளவு, தயாரித்த தேதி, எது வரை நல்லது, தொகுதி எண், எம்.ஆர்.பி., உரிம எண், பச்சைப் புள்ளி, ஊட்டச்சத்து விவரம் எல்லாம் வர வேண்டும்.

வரிதான் கனமானது. சர்க்கரையும் வாயுவும் சேர்ந்த பானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன்பும் 28-ம் செஸ் 12-ம் சேர்ந்து அதே 40-தான். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டமும் வாயு பானம் தயாரிப்பவர்களுக்குக் கிடையாது. ஒரு பாட்டில் 70 ரூபாய் என்று அச்சடித்தால் அதில் 20 ரூபாய் வரி. மிச்சம் 50-இல் கடைக்காரர் பங்கு, பாட்டில், மூடி, இஞ்சி, கரண்ட், வாடகை, உங்கள் கூலி. கைவேலையாகச் செய்யும் சின்னப் பட்டறைக்கும் உலகக் கம்பெனிக்கும் ஒரே வரி விகிதம் என்பது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன், கேட்கிற இடங்களில் எல்லாம் சொல்லியும் வருகிறேன். ஆனால் அது மாறும் வரை அதை வைத்துத்தான் விலை போட வேண்டும். முதல் பாட்டில் விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் உட்காருங்கள்.

யார் வாங்குவார்கள்?

பெட்டிக்கடையில் பெரிய கம்பெனியின் 20 ரூபாய் பாட்டிலோடு போட்டி போடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ், இன்றும் பர்மா பஜார் பக்கத்து வண்டிகளில் சுடச்சுடக் கிடைக்கிறது. வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்ப் பொடி போட்டுப் பிசைந்த அத்தோவை இரண்டு வாய் தின்றுவிட்டு இஞ்சி பீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு நாக்கிலிருந்து நழுவிப் போகும், அடுத்த வாய்க்கு ஆசை வரும். பிரியாணிக் கடை, காசிமேட்டு மீன் வறுவல் கடை, கல்யாண கேட்டரிங் எல்லாம் இதே ரகம். டிசம்பரில் பெரம்பூர், ராயபுரம் தேவாலயங்களைச் சுற்றிக் கிராம்பு பட்டை போட்ட வகை நன்றாகப் போகும்.

வேறு சுவைகள்?

நன்னாரி. அமெரிக்கர்கள் ரூட் பீர் என்று குடிப்பதன் ஒரு வகையில் சார்சப்பரிலா என்ற வேறொரு செடியின் வேரைப் போட்டு வந்தார்கள். நம்மிடம் நன்னாரி இருக்கிறது. வேரை நடு நரம்பு நீக்கி நசுக்கி ஊற வையுங்கள், ரொம்பக் கொதிக்கவிட்டால் வாசம் ஓடிவிடும். கருப்பட்டியும் இஞ்சியும் நல்ல ஜோடி. ஆனால் கருப்பட்டி தொகுதிக்குத் தொகுதி மாறும், ஹைட்ரோமீட்டர் எண்ணையும் மாற்றும். ஆகவே முதல் ஆறு மாதம் வெள்ளைச் சர்க்கரையிலேயே கை பழகுங்கள்.

கொம்புச்சா (புளிக்க வைத்த தேநீர்) செய்தால் இந்த ஆல்கஹால் தொல்லை இல்லையாமே?

குறைவு, இல்லாமல் இல்லை. அதில் உள்ள அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றிவிடும், காற்று கிடைக்கும் வரை. பாட்டிலை மூடியதும் அது நின்றுவிடும், ஈஸ்ட் தொடரும். 2010-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொடர் இதே காரணத்துக்காகக் கொம்புச்சா பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

மண்ணடியில் ஒரு பாய் ஹலாலா என்று கேட்டார். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். இது புளிக்க வைத்தது, லேப் அறிக்கையில் இவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று காகிதத்தையே காட்டுங்கள். குடிப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. குழந்தைக்கு வாங்குகிறவருக்கும், கர்ப்பிணிக்கும், குடியை விட்டு மீண்டு வருகிறவருக்கும் அவர்கள் கேட்காமலே இதைச் சொல்ல வேண்டும். என்னிடம் உறையே சேர்க்காத, இஞ்சியும் எலுமிச்சையும் சிலிண்டர் நுரையும் மட்டும் உள்ள வகை ஒன்று எப்போதும் உண்டு. பாட்டில் மூடியின் நிறமே வேறு. இரண்டையும் ஒரே குழாயில் அடைப்பதில்லை, புளிக்காததை முதலில் அடைத்து முடித்த பிறகுதான் மற்றதைத் தொடுவேன்.

எவ்வளவு பணத்தோடு ஆரம்பிக்கலாம்?

முதல் மூன்று மாதம் விற்கவே வேண்டாம். ஒரு ஜாடி உறை, 10 லிட்டர் அண்டா, தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், பி.எச். தாள், ஒரு பழைய ஃப்ரிட்ஜ். இதற்குப் பெரிய கடன் தேவைப்படாது. வாரம் ஒரு தொட்டி போடுங்கள். தேதி, தண்ணீரின் டி.டி.எஸ்., அறைச் சூடு, மணிக்கணக்கில் ஹைட்ரோமீட்டர் எண், குடித்தவர் சொன்னது எல்லாம் ஒரே நோட்டில். அடுத்தடுத்து நான்கு தொட்டி ஒரே மாதிரி சுவையில், லேப் அறிக்கை 0.3-க்குக் கீழே வந்த பிறகு இடம் பார்க்கப் போங்கள். வங்கிக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.